பின்னணியை மங்கவைத்துப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் முதன்முதலாகக் கைக்கு வந்த நாளில் வீட்டில் இருக்கிற எல்லோரையும், பூனையையும், துளசி மாடத்தையும் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். முகம் மட்டும் பளிச்சென்று, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோய் வருகிற அந்தப் படத்தைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்கு அடுத்த மாதம் வருகிற கேள்விகள்தான் இவை. சின்னச் சின்னக் கல்யாணங்கள், மயிலாப்பூர் தெருக்கள் என்று எடுத்துப் பழகியதிலிருந்து பதில் சொல்கிறேன். கணக்கு வரும் இடங்களில், வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஃபுல் ஃபிரேம் கேமரா (படம் பதிகிற சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குப் பெரியது) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணி மங்குவதற்கு எஃப் நம்பர்தானே காரணம்?

பாதிதான். எஃப் நம்பர் ஒரு விகிதம். லென்ஸின் குவியத் தூரத்தை (50 மி.மீ., 85 மி.மீ. என்கிறோமே, அது) அதன் துளையின் அகலத்தால் வகுத்தால் அது வரும். அப்படியென்றால் 50ஐ 1.8ஆல் வகுத்தால் துளையின் அகலம் கிடைத்துவிடும், சுமார் 28 மி.மீ. லென்ஸை முன்னாலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற துளை அது. மங்கலைப் பொறுத்தவரை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது 1.8ஐ அல்ல, இந்த 28ஐ.

ஏன் என்றால், வெகு தொலைவில் எரிகிற ஒரு சின்ன விளக்கு உங்கள் படத்தில் ஒரு வட்டமாக விரியும் இல்லையா, அந்த வட்டத்தை நீங்கள் ஃபோக்கஸ் செய்த ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் 28 மி.மீ. இருக்கும். ஆள் ஒரு மீட்டரில் நின்றாலும் மூன்று மீட்டரில் நின்றாலும் அதே 28தான். அப்புறம் ஏன் கிட்டப் போனால் அதிகம் மங்குகிறது என்று கேட்பீர்கள். கிட்டப் போகும்போது படத்துக்குள் அடங்குகிற பரப்பு சுருங்குகிறது, அவ்வளவுதான். ஆள் இரண்டு மீட்டரில் நிற்கும்போது அவர் நிற்கும் இடத்தில் படத்தின் அகலம் 1.4 மீட்டர், அதில் 28 மி.மீ. ஐம்பதில் ஒரு பங்கு. அரை மீட்டருக்கு வந்துவிட்டால் அகலமே 32 செ.மீ.தான், அதே வட்டம் இப்போது பன்னிரண்டில் ஒரு பங்கை அடைத்துக்கொள்கிறது.

இந்த ஒரு கணக்கு தெரிந்தால் மற்ற லென்ஸ்களையும் எடை போட்டுவிடலாம். 85 மி.மீ. எஃப்/1.8 என்றால் 47 மி.மீ. துளை. 24 மி.மீ. எஃப்/1.8 என்றால் 13தான். மூன்றிலும் எஃப் நம்பர் ஒன்றுதான், மங்கல் மூன்று விதம்.

கேமராவோடு வந்த கிட் லென்ஸ்தான் இருக்கிறது. அதில் முடியாதா?

முடியும். 18-55 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 18இல் எஃப்/3.5 வரை திறக்கும், 55இல் எஃப்/5.6 வரைதான் திறக்கும். நிறையப் பேர் 3.5 சின்ன நம்பராக இருக்கிறதே என்று 18இல் வைத்துக்கொண்டு முயற்சி செய்து வெறுத்துப்போகிறார்கள். வகுத்துப் பாருங்கள்: 18இல் துளை 5 மி.மீ., 55இல் கிட்டத்தட்ட 10 மி.மீ. இரண்டு மடங்கு. அதனால் 55க்குத் தள்ளுங்கள், எவ்வளவு கிட்டப் போக முடியுமோ போங்கள், ஆளைச் சுவரிலிருந்து வெகுவாகத் தள்ளி நிறுத்துங்கள்.

வீட்டில் 55-250 போல ஒரு மலிவான டெலி ஜூம் இருந்தால் இன்னும் நல்லது. 250இல் எஃப்/5.6 என்றால் துளை 45 மி.மீ., அதாவது 85 எஃப்/1.8க்கு ஏறக்குறைய சமம். தூரத்துப் பின்னணி அதே அளவுக்குக் கரையும். வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே வரும், நீங்களும் ரொம்பப் பின்னால் போய் நிற்க வேண்டும், அது உண்மை. ஆனால் காலை ஏழு மணி வெயிலில் பார்க்கில் எடுப்பதற்குப் புது லென்ஸ் வாங்க அவசரப்பட வேண்டாம்.

ஆளுக்கும் பின்னணிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டும்?

இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அந்த 28 மி.மீ. முழுசாகக் கிடைப்பது பின்னணி வெகு தூரத்தில் இருந்தால் மட்டும். கிட்டத்தில் இருந்தால், ஆளிலிருந்து பின்னணி எவ்வளவு தூரமோ அதை, கேமராவிலிருந்து பின்னணி எவ்வளவு தூரமோ அதால் வகுத்து, 28ஆல் பெருக்குங்கள். ஆள் இரண்டு மீட்டரில், அவருக்குப் பின்னால் ஒரு அடியில் சுவர் என்றால் வட்டம் 4 மி.மீ.கூட வராது. சுவரில் உரிந்த பெயின்ட், கேலண்டர் ஆணி, சுவிட்ச் போர்டு எல்லாம் தெரியும். அதே ஆளை இரண்டு மீட்டர் முன்னால் வரச் சொல்லி, நீங்களும் அதே அளவு பின்னால் போனால் 15 ஆகிவிடும். லென்ஸ் மாற்றவில்லை, காசு செலவில்லை, நாலு எட்டு நடந்ததுதான்.

என்னுடையது கிராப் சென்சார், ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னது. ஃபுல் ஃபிரேம் இல்லாமல் நல்ல மங்கல் வராது என்கிறார்களே?

அதே 50 எஃப்/1.8ஐ கிராப் கேமராவில் போட்டாலும் துளை 28தான், அது சுருங்கிவிடாது. ஒரே அளவில் முகம் வர நீங்கள் கொஞ்சம் பின்னால் போவீர்கள், அதனால் கிட்டத்துப் பின்னணி சற்றுக் குறைவாக மங்கும். தூரத்துப் பின்னணி முகத்தோடு ஒப்பிட அதே அளவுக்குத்தான் கரையும். இதற்காகக் கடன் வாங்கி கேமரா மாற்றாதீர்கள்.

எஃப்/1.8 இருக்கும்போது முழுசாகத் திறந்து எடுப்பதுதானே நல்லது?

எனக்கு இந்த விஷயத்தில் அழுத்தமான கருத்து உண்டு. பின்னணி என்பது துடைத்தெறிய வேண்டிய அழுக்கு இல்லை. அது அந்த ஆள் எங்கே இருக்கிறார், என்ன நேரம், அவரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று சொல்கிற இடம். எவ்வளவு மங்கவைக்கலாம் என்பதைவிட, எதுவரை அடையாளம் தெரிய வேண்டும் என்று கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கபாலீஸ்வரர் கோயில் பக்கத்து மாடவீதியில் பூக்கட்டுகிற ஒரு அம்மாவை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டரில் நின்று எஃப்/1.8இல் எடுத்தால் பின்னால் இருக்கிற கோபுரம் மங்கலாக, ஆனால் கோபுரமாகவே நிற்கும். அடுக்கடுக்காகக் குறுகிப் போகும் அந்த வடிவம் ரொம்பப் பலமானது, பொம்மைகள் கரைந்துபோனாலும் வடிவம் போகாது. அரை மீட்டருக்குப் போய்ப் பூவையும் விரலையும் மட்டும் எடுத்தால் கோபுரம் வெறும் நிறத் திட்டு. அங்கே அதுவும் அழகுதான், ஏனென்றால் படம் விரல்களைப் பற்றியது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தையே அப்படி எடுத்துவிட்டு, அவர் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிற தெருவைக் காணாமல் அடித்துவிட்டால், அந்தப் படம் எந்த ஊரிலும் எடுத்ததாக இருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் எஃப்/4 வையுங்கள். துளை 12.5 மி.மீ. ஆகும், சைக்கிள் சைக்கிளாகத் தெரியும், போர்டில் இருக்கும் எழுத்து மட்டும் படிக்க முடியாது. கண் முகத்துக்கே வரும், தெருவும் கூடவே இருக்கும்.

எல்லா வடிவங்களும் மங்கலைத் தாங்குவதில்லை. குடை, தென்னை மரம், ஆட்டோவின் மஞ்சள், புடவை காயும் கொடி, சைக்கிள் சக்கரம் இதெல்லாம் நன்றாக மங்கினாலும் அடையாளம் தெரியும். கூட்டம், குப்பை, கிளைகள் நிறைந்த வேலிக்காத்தான் போன்றவை பாதி மங்கினால் கசகசவென்று ஆகிவிடும். அவற்றை ஒன்று முழுசாகக் கரையுங்கள், இல்லையென்றால் நீங்கள் இரண்டடி நகருங்கள்.

கண் ஷார்ப்பாக வரவில்லை. மூக்கு நுனி அல்லது காது ஷார்ப்பாக வருகிறது. ஏன்?

ஆழம் அவ்வளவு குறைவு என்பதால்தான். 50 மி.மீ. எஃப்/1.8இல் இரண்டு மீட்டரில் ஷார்ப்பாகத் தெரியும் ஆழம் சுமார் 17 செ.மீ. ஒரு மீட்டருக்கு வந்தால் 4 செ.மீ.தான். 85 எஃப்/1.8 என்றால் இரண்டு மீட்டரிலேயே 6 செ.மீ. முகத்தை லேசாகத் திருப்பினாலே ஒரு கண் உள்ளே, ஒரு கண் வெளியே.

பலரும் செய்கிற ஒரு தவறு இருக்கிறது. நடுப் புள்ளியால் கண்ணில் ஃபோக்கஸ் செய்துவிட்டு, பட்டனை அரை அழுத்தத்தில் பிடித்தபடி கேமராவைத் திருப்பி ஃபிரேம் சரிசெய்வது. எஃப்/8இல் இது ஒன்றும் செய்யாது. ஒரு மீட்டரில் எஃப்/1.8இல் கேமராவை 20 டிகிரி திருப்பினால் ஃபோக்கஸ் தளம் கண்ணுக்கு 6 செ.மீ. பின்னால் போய்விடும், உங்களிடம் இருப்பதோ மொத்தமே 4 செ.மீ. அதனால் ஃபிரேமை முதலில் முடிவு செய்துவிட்டு, ஃபோக்கஸ் புள்ளியைக் கண்ணுக்கு நகர்த்துங்கள். புதிய மிரர்லெஸ் கேமராக்களில் கண்ணைத் தானே பிடிக்கும் வசதி இருக்கும், அதை நம்பலாம். இரண்டு கண்ணில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கேமராவுக்குக் கிட்ட இருக்கிற கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மூச்சு. நீங்களும் அசைவீர்கள், எதிரில் இருப்பவரும் அசைவார், இரண்டும் சேர்ந்தாலே 4 செ.மீ. போய்விடும். மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து எடுங்கள்.

ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் 85ஐ எஃப்/1.8இலேயே வைத்து எடுத்தேன். தாலி முடிகிற கை அவ்வளவு ஷார்ப்பாக வந்தது, பெண்ணின் கண்ணில் நீர் கோத்திருந்தது மங்கலில் போய்விட்டது. அந்த நொடியை இன்னொரு தடவை எடுக்க முடியாது. அன்றிலிருந்து முகூர்த்தத்துக்கு எஃப்/4க்குக் கீழே இறங்குவதே இல்லை.

இரண்டு பேர், மூன்று பேர் என்றால்?

பக்கத்துப் பக்கத்தில் ஒரே வரிசையாக நிறுத்தினால் எஃப்/2.8 போதும். ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால் என்றால், 50 மி.மீ. மூன்று மீட்டரில் எஃப்/4இல் 85 செ.மீ.க்கு மேல் ஆழம் கிடைக்கும், அதற்குள் அடக்குங்கள். இரண்டு வரிசைக் குடும்பப் படத்துக்கு எஃப்/5.6 அல்லது 8. தாத்தா முகம் மங்கிய குடும்பப் படத்தை யாரும் சுவரில் மாட்ட மாட்டார்கள்.

ஆனால் வேண்டுமென்றே ஒருவரை மங்கவிடுவதும் உண்டு. பள்ளிக்கூட வாசலில் முதல் நாள் அழுகிற குழந்தை ஷார்ப்பாக, பின்னால் திரும்பி நடக்கிற அம்மா மங்கலாக. முகம் தெரியாவிட்டாலும் நடையும் புடவையும் போதும், அவர் யார் என்று எல்லோருக்கும் புரியும்.

முன்னால் இருக்கிற பொருளை மங்கவைப்பது எப்படி?

இது பின்னணி மங்கலைவிடச் சக்தி வாய்ந்தது, குறைவாகத்தான் பயன்படுத்துகிறோம். பின்னால் எவ்வளவு தூரம் போனாலும் வட்டம் 28 மி.மீ.க்கு மேல் வளராது, முன்னால் அப்படி ஒரு எல்லையே கிடையாது. ஆள் இரண்டு மீட்டரில், லென்ஸுக்கு 20 செ.மீ. முன்னால் ஒரு இலை என்றால் அந்த இலையின் ஒவ்வொரு புள்ளியும் ஆளின் பக்கத்தில் 25 செ.மீ. அகலத்துக்குப் பரவும். இலை என்றே தெரியாது, ஒரு பச்சைப் புகை படத்தின் ஓரத்தில் படர்ந்தது போல இருக்கும். சாமந்தி மாலை, பித்தளைக் குத்துவிளக்கின் விளிம்பு, கொசுவலை, கண்ணாடி வளையல் அடுக்கு, எதை வேண்டுமானாலும் லென்ஸின் ஒரு ஓரத்தை மறைக்கிற மாதிரிப் பிடித்துப் பாருங்கள்.

கம்பி வலை மறைவதும் இதனால்தான். வண்டலூர் உயிரியல் பூங்காவில் கூண்டுக்குள் இருக்கும் பறவையை எடுக்க வேண்டுமா? அனுமதித்த தூரம்வரை வலைக்குக் கிட்டப் போங்கள், லென்ஸை முழு ஜூமில் முழுசாகத் திறந்து வையுங்கள், பறவை உள்ளே தள்ளி உட்காரும்வரை காத்திருங்கள். வலை கிட்டத்தட்டக் காணாமல் போகும். வெயில் படுகிற வலை மட்டும் வெள்ளைத் திரையாகப் பரவும், அதனால் நிழல் விழுந்த பகுதியைத் தேடுங்கள்.

கார்த்திகை விளக்குகளை வட்ட வட்டமாக எப்படி எடுப்பது?

திண்ணை ஓரத்தில் அகல் விளக்குகளை ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக வைத்து, கேமராவை விளக்கின் உயரத்துக்கே இறக்குங்கள். தரையில் படுத்தால்தான் சரியாக வரும். முதல் விளக்கை அரை மீட்டரில் வைத்து ஃபோக்கஸ் செய்யுங்கள். அடுத்த ஒன்றிரண்டில் சுடர் சுடராகவே தெரியும், கேமராவிலிருந்து ஒரு மீட்டர் தாண்டியவை உருண்டையாகும், அதற்கு அப்பால் பொன் வட்டங்கள். அந்த மாற்றம் படிப்படியாக நடப்பதுதான் இந்தப் படத்தின் உயிர், அதனால் நேராக எதிரில் வைக்காமல் வரிசையைச் சற்றுச் சாய்வாகப் போகவிடுங்கள். எக்ஸ்போஷரைக் குறைத்து எடுங்கள், இல்லாவிட்டால் சுடர் வெளுத்துவிடும்.

வட்டம் எப்போதும் வட்டமாக வராது. படத்தின் ஓரத்தில் எலுமிச்சை வடிவத்தில் நசுங்கும், காரணம் சாய்ந்து வருகிற ஒளியில் ஒரு பகுதியை லென்ஸின் குழல் மறைக்கிறது. கொஞ்சம் மூடினால் பலகோணம் ஆகும், ஏனென்றால் துளையைச் சுற்றி இருக்கிற இதழ்களின் உருவம் அது. கேனனின் பழைய 50 எஃப்/1.8 இரண்டாம் பதிப்பில் 5 இதழ்கள், ஐங்கோணம் நன்றாகத் தெரியும். 2015இல் வந்த எஸ்டிஎம் மாடலில் 7 வளைந்த இதழ்கள், அதனால் கொஞ்சம் உருண்டையாகவே இருக்கும்.

பிள்ளைகளுக்குப் பிடித்த ஒன்று: கறுப்பு அட்டையில் நடுவில் 15 மி.மீ. அளவுக்கு நட்சத்திரம் வெட்டி, லென்ஸின் முகத்தில் மூடி போலப் பொருத்துங்கள். தூரத்து விளக்குகள் எல்லாம் நட்சத்திரமாகும். வெட்டிய வடிவம் 28 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், லென்ஸ் முழுசாகத் திறந்திருக்க வேண்டும், வேறு ரகசியம் இல்லை.

பொக்கே என்கிறார்களே, அதுவும் மங்கலும் ஒன்றா?

மங்கல் எவ்வளவு என்பது வேறு, அது எப்படி இருக்கிறது என்பது வேறு. பொக்கே இரண்டாவது. ஜப்பானியச் சொல். 1997இல் மைக் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர், ஆங்கிலம் பேசுகிறவர்கள் சரியாக உச்சரிக்கட்டும் என்று boke என்பதன் கடைசியில் h எழுத்தைச் சேர்த்து அச்சிட்டார், அது நிலைத்துவிட்டது.

மதிய வெயிலில் எஃப்/1.8 வைத்தால் படம் வெள்ளையாகிவிடுகிறது.

ஆகும். சுள்ளென்ற வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/16 என்றால் நொடியில் நூறில் ஒரு பங்கு ஷட்டர் போதும். அதிலிருந்து எஃப்/1.8க்கு வந்தால் எண்ணாயிரத்தில் ஒரு பங்கு வேண்டும், நிறையக் கேமராக்கள் நாலாயிரத்தோடு நின்றுவிடும். லென்ஸின் முன்னால் மாட்டுகிற கறுத்த கண்ணாடியான என்டி8 ஃபில்டர் ஒன்று வாங்கினால் மூன்று ஸ்டாப் குறையும், அதாவது வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகும். இல்லையென்றால் நிழலுக்குப் போங்கள், முகத்துக்கும் அதுதான் நல்லது.

போனின் போர்ட்ரெய்ட் மோடு போதாதா?

போன் லென்ஸின் குவியத் தூரமே 6, 7 மி.மீ.தான், எஃப்/1.8 என்று எழுதியிருந்தாலும் துளை 4 மி.மீ. சுமார். அதனால்தான் மங்கலைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறார்கள். 2016இல் ஐபோன் 7 பிளஸில் வந்தபோது இரண்டு கேமராக்களை வைத்து ஆழத்தை ஊகித்தார்கள். இப்போது ரொம்பவே முன்னேறிவிட்டது, ஆனாலும் பறக்கிற முடி, ஜிமிக்கியின் இடைவெளி, கண்ணாடி ஃபிரேம், தலையில் வைத்த மல்லிகை இந்த இடங்களில் இன்னும் தடுமாறும். எடுத்த பிறகு எடிட்டில் போய் மங்கலைப் பாதிக்குக் குறைத்துவிடுங்கள், விளிம்புத் தவறுகள் அநேகமாக மறைந்துவிடும்.

போனில் நிஜ மங்கலும் கிடைக்கும். ஒரு செம்பருத்திக்கு, ஃபோக்கஸ் ஆகிற வரைக்கும் எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு போங்கள், தானாக வைட் கேமராவுக்குத் தாவினால் அதைத் தடுத்து மெயின் கேமராவிலேயே வையுங்கள், பின்னால் வெட்டவெளி இருக்கட்டும்.

பூச்சி, பூ எடுக்கும்போது எஃப்/2.8 வைக்கலாமா?

மேக்ரோவில், அதாவது சின்னப் பொருளை மிகக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுப்பதில், கணக்கே வேறு. பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழுகிற ஒன்றுக்கு ஒன்று அளவில், எஃப்/8இல்கூட ஆழம் ஒரு மி.மீ.தான். திறப்பதற்கு அங்கே அவசியமே இல்லை, மூடத்தான் போராடுவோம். தும்பியை மேலிருந்து, இறக்கையும் உடலும் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி எடுத்தால் பெரும்பகுதி ஷார்ப்பாக வரும். நேர் எதிரே எடுத்தால் கண் மட்டும் தெரியும், இறக்கைகள் பனி மாதிரி ஆகிவிடும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

இதெல்லாம் இப்போது வந்த ஃபேஷன்தானே?

இல்லவே இல்லை. ஜூலியா மார்கரெட் கேமரூன் 1815இல் கொல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் வாழ்ந்தபோது, 1863 கடைசியில், 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில் தொடங்கினார். முகத்தை நெருங்கி, காதும் முடியும் உடையும் கரைந்துபோக எடுத்தார். ஃபோக்கஸ் செய்யத் தெரியாதவர் என்று அன்றைய விமர்சகர்கள் எழுதினார்கள். அவரோ, ஃபோக்கஸைத் திருகிக்கொண்டு வரும்போது கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்திலேயே நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் திருகுவதில்லை என்று தன் நினைவுக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். 1875இல் கணவரோடு இலங்கைக்குப் போனார், அங்கும் தோட்டத் தொழிலாளர்களைப் படம் எடுத்தார், 1879இல் இறந்து மலையகத்தின் பொகவந்தலாவையில் அடக்கமானார்.

எதிர்க்கட்சியும் இருந்தது. 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் எல்லாம் சேர்ந்து எஃப்/64 என்ற மிகச் சின்னத் துளையின் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு, எல்லாமே ஷார்ப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். பாறையும் மலையும் எடுக்கிறவர்களுக்கு அது பொருந்தும். நான் கேமரூன் பக்கம்.

பழகுவதற்கு எங்கிருந்து தொடங்கலாம்?

உங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். டீக்கடை, பிள்ளையார் கோயில், பஸ் ஸ்டாப், எதுவானாலும் சரி. ஒரே ஆள், இரண்டு மீட்டர், பின்னால் அந்த இடம் பத்துப் பதினைந்து மீட்டரில். எஃப்/1.8, 2.8, 4, 5.6, 8 என்று ஐந்து படங்கள் எடுங்கள், அப்புறம் ஒரு மீட்டரில் அதே ஐந்து. பத்தையும் பிரிண்ட் போட்டு, அதிகம் மங்கியதிலிருந்து ஒவ்வொன்றாக வீட்டில் இருப்பவர்களிடம் காட்டி, இது எங்கே எடுத்தது என்று மட்டும் கேளுங்கள். எந்தப் படத்தில் யோசிக்காமல் பதில் வருகிறதோ, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எஃப் நம்பரையும் தூரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.